கண் மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டாம்

பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் மக்களுக்கு, இதே பகுதியில் குடியிருக்கும் எங்கள் வேண்டுகோள்.

ஈரல் நோய் என்றதும் மஞ்சள் காமாலைதான் நம் நினைவுக்கு வருகிறது. கண் மஞ்சளானால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். குடிதண்ணீரில் கழிவுநீர் கலந்து பரவும் ஹெபடைடிஸ் (ஈரல் அழற்சி) ஏ, இ வகைகளுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. ரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும் பி, சி வகைகளுக்கு அது பொருந்தாது. இருபது, முப்பது ஆண்டுகள்கூட வெளியே தெரியாமல் இருந்து, ஈரலைச் சுருக்கி, சிலரைப் புற்றுநோய்வரை அவை கொண்டுபோகின்றன. 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு பி வகையும், 55 லட்சம் பேருக்கு சி வகையும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஹெபடைடிஸுக்கென 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சி வகை பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது. பி வகையை அடியோடு ஒழிக்க இன்னும் மருந்தில்லை. தேவைப்படுபவர்களுக்கு மாத்திரை அதை அடக்கிவைக்கும். மருந்து தயாராக இருக்கிறது. அது யாருக்குத் தேவை என்பதுதான் தெரியவில்லை.

கீழாநெல்லி இருக்கிறதே என்பீர்கள். அதை நாங்கள் இளக்காரமாகப் பேச மாட்டோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் லான்செட் இதழில் எழுதிய ஆய்வில், அதை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் பி கிருமியின் அடையாளம் மறைந்தது. அந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். ஆனால் பிற இடங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலையோ பெரும்பாலும் தானே வடிந்துவிடும். பெயர் மட்டும் மூலிகைக்குப் போகிறது. நோய் இருப்பது வெளியே தெரிந்தால் ஒதுக்குவார்களே என்ற பயமும் உண்டு. அதைப் போக்கும் பொறுப்பு நம் எல்லோருடையது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பி, சி வகைகள் தொற்றுவதில்லை. வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

இன்றைய பெரியவர்களில் பெரும்பாலோர் பிறந்தபோது அந்தத் தடுப்பூசி அரசுப் பட்டியலிலேயே இல்லை. அதனால், கடலுக்கோ வேலைக்கோ போகாத ஒரு நாளில் அரசு மருத்துவமனைக்குப் போய், பி, சி இரண்டுக்கும் ரத்தம் பார்க்கக் கேளுங்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், பச்சை குத்திக்கொண்டவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் தள்ளிப்போடவே கூடாது. கர்ப்பிணிகள் பி பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பிள்ளை பிறந்ததும், 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று வார்டிலேயே கேட்டுவிடுங்கள்.