கணக்கறியாமல் கட்டும் கட்டணம்

பிழைப்புத் தேடியும் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டும் சிற்றூரை விட்டு நகர்க்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் இன்று எண்ணிறந்தன. குடிக்கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் நாள்தோறும் வருமா என்பனவற்றையெல்லாம் பன்முறை கேட்டுத் தெளிந்த பின்னரே அவர்கள் வீடு புகுகின்றனர். ஆனால் மின்கட்டணத்தைப் பற்றியோ அடுப்பெரிக்கும் எரிவளியைப் பற்றியோ ஒரு சொல்லும் கேட்பதில்லை. இரண்டு திங்கள் கழித்து ஒரு தொகை வந்து வாயிலில் நிற்கும். ஊரில் இருநூறு உருபாவிற்கு மேல் கட்டியறியாதவர் ஈராயிரம் கட்டுமாறு சொல்லப்படுவார். ‘நகர் என்றால் அப்படித்தான்’ என்று அண்டை வீட்டார் தேறுதல் கூறுவர். அவரும் கட்டி விடுவார். அத்தொகை எவ்வாறு வந்தது என்று கேட்க அவர்க்குத் தோன்றுவதில்லை. தோன்றினும், அக்கணக்கைத் தமிழில் விரித்துக் காட்டுவார் இல்லை.

தனித்தமிழ் இதழில் மின்கட்டணத்திற்கு என்ன இடம் என்று நம் அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஆண்டுக்கு ஆறு முறை, தவறாமல், ஒவ்வொரு வீட்டிற்கும் வரும் ஆட்சியெழுத்து இஃதன்றி வேறு யாதுளது? அதனைத் தமிழன் தமிழிற் படித்துத் தெளிய இயலவில்லையெனின், 1956-ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் அவன் வீட்டுத் திண்ணையை இன்னும் எட்டவில்லை என்றே கொள்ளல் வேண்டும். ஆகலின் இத்திங்கள் ஆசிரியவுரையை இக்கணக்கிற்கே ஒதுக்கினோம்.

முதலில் அலகு. ‘யூனிட்’ என்று ஊரெங்கும் வழங்குவது இதுவே. ஆயிரம் வாட்டு ஆற்றலை இழுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு செலவாகும். (வாட்டு என்பது நீராவிப் பொறியைச் செப்பஞ்செய்த அறிஞரின் பெயர். ஆட்பெயராகலின் மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. தமிழொலிக்கு இயைய எழுதினால் போதும். மின்சாரம் என்பதிலுள்ள ‘சாரம்’ நமதன்று என்பதால் மின்னாற்றல் என்றும், சுருங்க மின் என்றும் எழுதுகின்றோம்.) ஒவ்வொரு கருவியின் முதுகிலும் அதன் வாட்டு அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதனை ஓடும் மணியாற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு நாட் செலவு. அதனை அறுபதாற் பெருக்கினால் இரு திங்கட் செலவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது.

ஓர் எளிய வீட்டை எடுத்துக்கொள்வோம். 75 வாட்டு மின்விசிறிகள் மூன்று, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரு திங்களில் 162 அலகு. 9 வாட்டு விளக்குகள் நான்கு ஆறு மணி நேரம் எரிந்தால் வெறும் 13 அலகுதான். விளக்கை அணைக்குமாறு பிள்ளைகளைக் கடியும் தந்தையர், ஆளில்லா அறையில் சுழலும் விசிறியைக் கண்டுகொள்ளாமற் போவது எத்துணை வேடிக்கை! குளிர்பெட்டி நாளுக்கு ஓர் அலகாக 60, தொலைக்காட்சி 24, மின்னம்மி 12, துணி தேய்க்கும் பெட்டி 15. ஆக 286 அலகு. வீட்டுக்கு வீடு சற்றுக் கூடும், குறையும். ஆயினும் இத்தகைய வீட்டிற்கு அறுநூறு அலகு என்று வந்தால் எங்கோ பிழையுளது, அல்லது எதுவோ ஒழுகுகின்றது என்று உடனே அறியலாம்.

இனிக் கட்டணம். தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு மே முதல் வீடுகளுக்கு இரு திங்களில் முதல் 100 அலகு கட்டணமின்றி அளிக்கப்பட்டது. 2022-இல் நிலைக்கட்டணம் வீடுகளுக்கு நீக்கப்பட்டது. 2024 சூலையில் வகுத்த அளவைப்படி, மொத்தச் செலவு 500 அலகிற்குள் அடங்கின், 101 முதல் 200 வரை அலகிற்கு 2 உருபா 35 காசு. 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐக் கடந்தாலோ, கணக்கே வேறாகின்றது. 101 முதல் 400 வரை முழுதும் 4.70 ஆகி விடும். 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேல் 11.55. 2025 சூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்குரிய உயர்வை அரசே ஏற்றது. இவ்வளவைகள் மாறுந்தன்மையன, அவ்வப்போது நடப்பிலுள்ளதைக் கேட்டறிந்து கணக்கிற் பொருத்திக் கொள்க.

மேற்கூறிய 286 அலகு வீட்டிற்கு 639 உருபா 20 காசு ஆகின்றது. அவ்வீட்டார் ஒன்றரை டன் குளிரூட்டி ஒன்றை வாங்கி இரவில் ஆறு மணி நேரம் ஓட விடுகின்றனர் என்க. நின்று நின்று ஓடும் அக்கருவிக்கு மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு என்று கொண்டால், இரு திங்களில் 360 அலகு கூடி மொத்தம் 646. கட்டணம் 3,314 உருபா 70 காசு. அலகு இருமடங்கு சொச்சம். கட்டணமோ ஐந்து மடங்கிற்கும் மேல். தவணையில் குளிரூட்டி விற்பவர் இக்கணக்கைச் சொல்லார்.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது 500-ஆம் அலகின் வரம்பு. 500 அலகிற்கு 1,805 உருபா. 501 அலகிற்கு 2,048 உருபா 40 காசு. அந்த ஒற்றை அலகின் விலை 243 உருபா 40 காசு!

இவ்வரம்பைத் தாண்டச் செய்வது நம் செலவு மட்டுமன்று. கணக்கெடுக்க வரும் நாளும் தாண்டச் செய்யும். நாளுக்கு 8 அலகு செலவிடும் வீடு அறுபது நாளில் 480 அலகு காட்டும். கட்டணம் 1,679 உருபா. கணக்கெடுப்பவர் நான்கு நாள் பிந்தி வந்தால் 512 அலகு. கட்டணம் 2,140 உருபா 80 காசு. அடுத்த முறை அவர் நான்கு நாள் முந்தி வந்து 448 அலகு எழுதினால் 1,477 உருபா 40 காசு. நான்கு திங்களில் எரித்த மின் ஒரே அளவினது. ஆயினும் உரிய நாளில் கணக்கெடுத்திருந்தால் 3,358 கட்டியிருக்க வேண்டியவர் 3,618 கட்டுகின்றார். எவர் காலத்தாழ்வுக்கு எவர் 260 உருபா கட்டுவது? பணியாள் பற்றாக்குறையால் ஒருவரே பல தெருக்களைப் பார்க்கும் கணக்கெடுப்பாளரை இதற்குக் குறைகூற மாட்டோம். வரம்புகளை நாள் எண்ணிக்கைக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் கணக்கிடுதல் ஒரு பெருக்கல் வேலை. பொறி செய்யும் கணக்கில் அதனைச் சேர்க்க ஆணை ஒன்று போதும்.

புதிதாகக் குடிபுகுவோர் செய்யத்தக்கன சில. வீடு புகும் நாளிலேயே, ‘மீட்டர்’ எனப்படும் மின்னளவியின் எண்ணை வீட்டுடையவர் முன்னிலையில் குறித்துக்கொள்க. அளவியின் முகத்தில் பல எண்கள் மாறிமாறி ஓடும், ‘கே.டபிள்யூ.எச்.’ என்னும் எழுத்துகளோடு தோன்றுவதே நமக்கு வேண்டிய எண். முன்னிருந்தவர் வைத்துச்சென்ற நிலுவை உண்டா என்று பாருங்கள். நிலுவை ஆளைத் தொடராமல் இணைப்பையே பற்றி நிற்கும். இணைப்பு எவ்வகையினது என்பதையும் பாருங்கள். ‘எல்.டி. 1-ஏ’ என்றிருப்பது வீட்டு இணைப்பு. முன்னறையில் என்றோ கடை நடந்த வீடுகளில் வணிக இணைப்பாகிய ‘5’ என்பதே நீடிப்பதுண்டு. அங்கே கட்டணமில்லா 100 அலகும் இல்லை. கணக்கெடுத்த நாளிலிருந்து கட்டுவதற்கு 20 நாள் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

குடிக்கூலிக்கு இருப்போர் படும் பாடு தனியே சொல்லத்தக்கது. ஓர் இணைப்பு, நான்கு குடும்பம். ‘சப் மீட்டர்’ எனப்படும் துணையளவி ஒவ்வொரு வீட்டிற்கும் ஒன்று. அலகிற்குப் பத்து உருபா என்பது வீட்டுடையவரின் ஆணை. நான்கு குடும்பமும் 150 அலகு செலவிட்டால் மொத்தம் 600. அவர் கட்டுவது 2,880 உருபா. மூன்று குடியினரிடம் தண்டுவது 4,500. தம் வீட்டு விளக்கும் விசிறியும் ஓடியது போக 1,620 உருபா மிச்சம்! அந்நால்வருக்கும் தனித்தனி இணைப்பிருந்தால் ஒவ்வொரு வீட்டிற்கும் 117 உருபா 50 காசு. நான்கு வீட்டிற்கும் சேர்த்தே 470 உருபாதான். ஏழைக்கென்று அளித்த 100 அலகும் எவர் மடியில் விழுகின்றது என்று காண்க. வீட்டுடையவர் எல்லாரும் இத்தகையர் அல்லர். வந்த தொகையை அலகின்படி நேர்மையாகப் பிரித்துக் கொள்வாரும் உளர். ஆனால் பத்து உருபா கேட்பவரிடம் கட்டணப் பட்டியைக் காட்டச் சொல்லும் உரிமை குடியிருப்பவர்க்கு உண்டென்பதை அவர் அறிதல் வேண்டும். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், உடைமையாளரேனும் குடியிருப்பவரேனும் விண்ணப்பித்தால் இணைப்பு வழங்குவதைக் கடமையாக்கியுள்ளது. கேள்வி கேட்டதற்காக மின்னை அறுப்பதைத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுக் குடியிருப்போர் உரிமைச் சட்டம் தடுக்கின்றது; அச்சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

எரிவளிக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. வீட்டு உருளை ஒன்றில் 14.2 கிலோ எரிவளி இருத்தல் வேண்டும். வெற்றுருளையின் எடை அதன் மேற்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும், அது 15.3 என்றிருந்தால் நிறையுருளை 29.5 இருத்தல் முறை. எடைபோட்டுக் காட்டுமாறு கேட்க வெட்கப்பட வேண்டுவதில்லை. உருளையின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டை ஒன்றில் ஓர் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க ஆண்டும் எழுதியிருக்கும். ஏ என்பது சனவரி முதல் மார்ச்சு முடிய. பி, சி, டி என்பன அடுத்தடுத்த மும்மூன்று திங்கள். உருளையை அதற்குள் மறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்பது குறிப்பு. நாள் கடந்த உருளையைத் திருப்பி விடுக. ஒரு வீட்டின் உயிரைக் காக்கும் இக்குறிப்பு அவ்வீட்டுப் பெண்டிரில் எத்துணைப் பேருக்குத் தெரியும்? அ, ஆ, இ, ஈ என்று பொறித்தால் உருளை வெடித்தா விடும்?

சென்னையில் 2025 ஏப்பிரல் 8 அன்று உருளையின் விலை 868 உருபா 50 காசு ஆயிற்று. கிலோ ஏறத்தாழ 61 உருபா. மாட்டிய நாளைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதி வைக்கும் வழக்கம் நம் தாய்மார்க்கு உண்டு. அதுவே கணக்குப் பொத்தகம். 45 நாள் வந்தால் நாளுக்கு 19 உருபா 30 காசு. வழக்கமாக 45 நாள் வருவது 35 நாளில் தீர்ந்தால், எடை குறைவோ, குழாயில் கசிவோ என ஆராய்க. வீட்டிற் கொணர்ந்து தரும் கூலி விலையிலேயே அடக்கம். பட்டிக்கு மேல் ஒரு காசும் கொடுக்கக் கடமையில்லை. மூன்று மாடி தோளிற் சுமந்து வருபவரும் நம்மவரே, அவர்க்கும் வயிறுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்க்குரிய ஊதியத்தை முகவர் தருதல் வேண்டும். அடுக்களைப் பணத்திலிருந்து அதனை வாங்குதல் முறையன்று.

மீண்டும் மின்னுக்கு வருவோம். 1957-இல் தோன்றிய அமைப்பிற்கு மின்வாரியம் என்று பெயர். வாரியம் என்னும் சொல் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என நிற்கின்றது. ஆயிரம் ஆண்டு கடந்த அச்சொல்லை மக்கள் இன்றும் கைவிட்டிலர். ஆட்சியாளரோ 2010-இல் வாரியத்தைப் பிரித்து ‘டான்செட்கோ’ என்றனர். 2024-இல் மறுபடியும் பிரித்து ‘டி.என்.பி.டி.சி.எல்.’ என்றனர். தமிழில் நீண்ட பெயர் ஒன்று ஏட்டில் உளது. வழங்குவது எழுத்துக் குவியலே. இணையவழிப் பற்றுச்சீட்டிலும் அத்தகைய ஆங்கிலக் குறுக்கங்களே மலிந்துள்ளன. தொகை தெரிகின்றது, தொகை வந்த வழி தெரியவில்லை.

எனவே நாம் கேட்பன இவை. கட்டணப் பட்டியில் முன்னெண், பின்னெண், இடைப்பட்ட நாட்கள், ஒவ்வொரு படிநிலைக்கும் உரிய அலகும் அளவையும் பெருக்கலும் தமிழில் விரித்தெழுதப்படல் வேண்டும். வகைக் குறியீடு தமிழெழுத்தில் அமைதல் வேண்டும். நாள் கூடினால் வரம்பும் அதற்கேற்பக் கூடுதல் வேண்டும்.

பள்ளிகளிற் பணியாற்றும் நம் தோழர்கள் தத்தம் மாணவர் வீட்டுக் கட்டணத்தை வகுப்பிற் கணக்காகப் போடச் செய்க. மற்றைய அன்பர்கள் தங்கள் வீட்டில் அண்மையில் கணக்கெடுத்த மூன்று நாட்களையும், அப்போதைய அளவி எண்களையும், கட்டிய தொகையையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி, பெயரும் இணைப்பு எண்ணும் குறிக்காமல், இதழ் முகவரிக்கு விடுக்க. அறுபது நாளைக் கடந்து கணக்கெடுத்த வீடுகளைத் தொகுத்து, ஒழுங்குமுறை ஆணையத்திற்கு முறையீடு ஒன்றைத் தமிழிலேயே எழுத இருக்கின்றோம்.