கழுகுக்குக் கிடைச்ச நியாயம் காசிமேட்டுக்கு எப்போ?

மக்களே, கொஞ்சம் காரமான பதிவு இது.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆனவர். ரத்தம் உறையாம இருக்க தினமும் வார்ஃபரின் சாப்பிடறார். முதுகுவலின்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டிருக்கார். சீட்டு கேக்கல, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னும் கேக்கல. அட்டையை வெட்டி டைக்ளோஃபெனாக் பத்து குடுத்துட்டாங்க. நாலாம் நாள் சிறுநீர்ல ரத்தம்!

இந்த ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு அபாயம் எகிறும். வலி மாத்திரையை மாசக்கணக்குல தின்னா, அது மட்டுமே கிட்னியைக் கெடுக்கும்.

"நோயாளிதானே சொல்லணும்?"னு கேப்பீங்க. அய்யா, இது ஷெட்யூல் எச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுங்கறது கடைக்காரருக்குத்தான் சட்டம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை மூட்டை தூக்கறவங்களுக்கும் வலை இழுக்கறவங்களுக்கும் வலின்னு படுத்தா அன்னிக்குக் கூலி இல்ல. டாக்டரைப் பார்க்க க்யூவுல நின்னாலும் அதே கதிதான். அதான் கடைக்கு ஓடறாங்க.

இதே மருந்தைப் போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க கிட்னி செயலிழந்து கூட்டங்கூட்டமா செத்துச்சு. 2006-ல கால்நடைக்குத் தடை வந்துச்சு. மனுஷங்களுக்கான ஊசி மருந்து மாட்டுக்குப் போகுதுன்னு, 2015-ல பெரிய பாட்டிலையும் தடுத்தாங்க. சந்தோஷம். கழுகுக்காக இவ்வளவு யோசிச்சவங்க, எங்காளுங்களுக்காக ஒரு சீட்டு கேக்க வைக்க முடியாதா?

டிஸ்கி: காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டா சிறுநீர் செம்மஞ்சளா போகும். அது ரத்தம் இல்ல, பயந்து நிறுத்திடாதீங்க. நிஜமாவே ரத்தம்னா, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.