பழைய கார்: கம்பெனிக் கடையிலா, தெரிந்தவரிடமா?

பக்கத்துத் தெருத் தங்கை ஒருத்தி போன வாரம் கணக்கு நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். கைக்குழந்தைக்காரி. மாமனாரை மாதம் ஒருமுறை மதுரைக்கு இருதய டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். கண்டரமாணிக்கத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய் வீடே சலித்துவிட்டது. சீட்டு எடுத்த பணத்தோடு மூன்றரை லட்சம் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வேகன்-ஆர் பார்த்தாயிற்று. ஒன்று மதுரையில் கம்பெனியின் பழைய கார் கடையில், சர்டிபிகேட்டோடு. மற்றது தூரத்து உறவுக்காரர் வண்டி, நாற்பதாயிரம் குறைவு. "எதை வாங்கட்டும் அக்கா?" என்றாள்.

நாற்பதாயிரம் என்றால் நம் வீடுகளில் சும்மாவா, சகோதரிகளே? அதைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன கிடைக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

மாருதி 2001-லேயே 'ட்ரூ வேல்யூ' என்று பழைய கார் விற்பனையைத் தொடங்கியது. பிறகு மற்ற கம்பெனிகளும் வந்தன. வண்டியை 376 அம்சங்களில் சோதிக்கிறோம் என்கிறது மாருதி. தேறிய வண்டிக்கு ஒரு வருஷம் வரை வாரண்டி, மூன்று இலவச சர்வீஸ். ஆனால் வாரண்டி என்றதும் எல்லாம் அதில் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். டயர், பேட்டரி, பிரேக் மாதிரி தேய்கிற சாமான்கள் பெரும்பாலும் அதில் வராது. கடையில் நிற்கிற எல்லா வண்டிக்கும் வாரண்டி உண்டு என்றும் எண்ண வேண்டாம். "இந்த வண்டிக்கு உண்டா, எத்தனை மாதம், எதெதற்கு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விலை கூடுவதற்கு வரியும் ஒரு காரணம். 2025 ஜனவரியிலிருந்து வியாபாரியின் லாபத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வீட்டுக்காரர் வீட்டுக்காரருக்கு விற்றால் அது கிடையாது.

அப்படியானால் உறவுக்காரர் வண்டிதானே லாபம்? லாபம்தான், கேட்க வேண்டியதைக் கேட்டால். உறவென்றால் நமக்கு வாயே திறக்காது! கடைக்காரரிடம் "ஆக்சிடெண்ட் ஆன வண்டியா?" என்று நேருக்கு நேர் கேட்போம். மாமா முறை ஆகிறவரிடம் கேட்க முடியுமா? காப்பியைக் குடித்துவிட்டு, "நீங்க சொன்னா சரிதான்" என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வருவோம். அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கிற விலை சில சமயம் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிடும்.

அதனால் கேள்வியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். விற்கிறவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கத் தெரிந்தவர்கள் பாலிஷைப் பார்த்து மயங்குவதில்லை, பெட்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். காருக்கும் அதே கண் வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மிதந்ததே, அப்போது மூழ்கிய கார் கழுவித் துடைத்து நம் பக்கம் வந்திருந்தால் இந்த இரண்டு இடங்களில்தான் காட்டிக்கொடுக்கும்.

காகிதங்களையும் அப்படியே பாருங்கள். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ், அபராத பாக்கி, பேங்க் கடன் எல்லாம் தெரியும். கடன் இருந்து அடைத்திருந்தால் பேங்கின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். பேர் மாற்ற படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கொண்டுவருகிற கே.ஏ. வண்டியானால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரியும் மறுபடி கட்ட வேண்டும். மலிவு என்று பாய்ந்தால் அங்கே இடிக்கும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும், வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் கேட்டால் மாமா கோபித்துக்கொள்வாரே என்றால், அவருக்கும் நல்லதுதான் என்று சொல்லுங்கள். வண்டி கைமாறியும் ஆர்.சி.யில் பேர் மாறாமல் விபத்து நடந்தால், பதிவில் பேர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது இதுதான். உறவுக்காரர் முதல் ஓனர், சர்வீஸ் புத்தகம் விட்டுப்போகாமல் இருக்கிறது, நம் மெக்கானிக் சரி என்கிறார், இந்த மூன்றும் இருந்தால் அந்த வண்டி. ஒன்று குறைந்தாலும் மதுரைக் கடைக்கே போ. உறவுக்காரரிடம் வாங்கினால் பணத்தை பேங்க் வழியாகக் கொடு; ஆர்.சி. உன் பேருக்கு வரும்வரை பத்தாயிரம் நிறுத்திவை. அதை முதல் நாளே, பெரியவர்கள் முன்னால் பேசிக்கொள்.