முகாம் போட்டால் வேலை வந்துவிடுமா?

வருடா வருடம் நம் புதுச்சேரியில் வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. பந்தல், பேனர், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் உண்டு. பட்டதாரிப் பிள்ளைகள் சர்டிபிகேட் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய் பயோடேட்டா கொடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறுகிறார்கள். மறுநாள் எத்தனை பேர் வந்தார்கள் என்று பேப்பரில் செய்தி வருகிறது. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் நிலைத்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

காலமெல்லாம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வந்த தபாலுக்கு நம்பர் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது ஒரு வேலை. அதன்மேல் நடவடிக்கை எடுப்பது வேறு வேலை. நம் முகாம்கள் நம்பர் போடுவதோடு நின்றுவிடுகின்றன.

இந்த ஊரில் படிப்புக்குப் பஞ்சமில்லை. தாகூர் கலைக் கல்லூரி 1961-ல் வந்தது, பெண்களுக்குப் பாரதிதாசன் கல்லூரி 1968-ல், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் 1985-ல். தொழிலுக்கும் பஞ்சமில்லை. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம், திருபுவனை என்று சுற்றிலும் பட்டறைகளும் கம்பெனிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில்தான் பாலம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் கணக்கு எழுதவும் ஜி.எஸ்.டி. ரிட்டன் போடவும் ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்தார். அதே சமயம் எங்கள் தெருவில் பி.காம். முடித்த பெண் இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். சைக்கிளில் போகிற தூரம்தான். அவருக்கு இவளைத் தெரியாது, இவளுக்கு அவரைத் தெரியாது. கடைசியில் அவள் சென்னைக்குப் போனாள். வாங்குகிற சம்பளத்தில் பெரும்பங்கு ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் அங்கேயே போகிறது. இங்கே பூட்டிய கதவுக்குள் அப்பாவும் அம்மாவும் மருந்து வாங்கித் தர ஆளில்லாமல் இருக்கிறார்கள். ஊர்ப் பொருளாதாரம் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது இதுதான்.

1898-ல் தொடங்கிய ரோடியர் மில்லை நம் தலைமுறை மறக்காது. ஏ.எஃப்.டி. என்ற பெயரோடு இருந்து 2020-ல் மூடப்பட்டது. மில் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1936 ஜூலை 30-ல் பன்னிரண்டு தொழிலாளிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஊர் இது. ஆனால் மில்லுக்கும் தெருவுக்கும் ஒரு வழி இருந்தது. எங்கே ஆள் வேண்டும் என்பது முதலியார்பேட்டை டீக்கடை வரைக்கும் தெரியும். மில்லோடு அந்த வழியும் அடைந்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறு வழி யாரும் போடவில்லை.

'பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று முதலாளிகள் சொல்கிறார்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள்? நீச்சல் தெரிந்த பிறகுதான் குளத்தில் இறங்கலாம் என்றால் எவன் நீச்சல் கற்பான்? பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு 'ஸ்தாஜ்' என்ற சொல் புதிதல்ல. பிரான்சில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகூட ஒரு வாரம் ஏதாவது கடையிலோ அலுவலகத்திலோ போய் வேலை நடப்பதைப் பார்த்துவர வேண்டும். 2005 முதல் அது கட்டாயம். அங்கே இருக்கிற நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், பேரன் பேக்கரியில் போய் நின்ற கதையைச் சொல்வார்கள். தெருப்பெயரை மட்டும் பிரெஞ்சில் வைத்துக்கொண்டால் போதுமா?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. அப்ரன்டிஸ் சட்டம் 1961-லேயே வந்தது. 2014-ல் திருத்தி, கலை, வணிகப் பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தார்கள். பட்டதாரிப் பயிற்சியாளருக்குரிய குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இதை எத்தனை சிறு முதலாளிகளுக்கு, எத்தனை கல்லூரிகளுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

பெற்றோர்களையும் சும்மா விடுவதற்கில்லை. அரசாங்க உத்தியோகம் வரும் என்று பிள்ளையை முப்பது வயது வரை பரீட்சை எழுத வைக்கிறார்கள். 'நீ மட்டும் பென்ஷன் வாங்கலாமா?' என்று கேட்பீர்கள். நாங்கள் சேர்ந்த காலம் வேறு. பிரெஞ்சுக்காரன் போன பிறகு நிர்வாகம் புதிதாக விரிந்தது, நாற்காலிகள் காலியாக இருந்தன. இன்று ஒரு நாற்காலிக்கு ஒரு தெருவே நிற்கிறது. 'அனுபவம் கொடுக்கிறோமே' என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிற முதலாளிக்கும் ஒரு வார்த்தை: அனுபவத்தைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுத்தால் அரிசி தரமாட்டான். பையன் பெங்களூர் பஸ் ஏறினால் அவன்மேல் குற்றமில்லை.

என்ன செய்ய வேண்டும்? மூன்றே காரியம். வேலைவாய்ப்பு அலுவலகம் தொழிற்பேட்டை தொழிற்பேட்டையாகப் போய், யாருக்கு என்ன ஆள், என்ன சம்பளம் என்று எழுதி வந்து, மாதாமாதம் எல்லாக் கல்லூரி வாசலிலும் ஒட்ட வேண்டும். பட்டம் வாங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மாதமாவது உள்ளூர்த் தொழிலிடத்தில் இருந்து வர வேண்டும். முகாம் நடத்தினால் ஆறு மாதம் கழித்து அதன் கணக்கை வெளியிட வேண்டும். இதற்குப் பந்தலும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்.

அரசாங்கம் செய்கிற வரை நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. என் வயதுக்காரர்களில் பாங்கிலும் கம்பெனியிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். எந்த முதலாளியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை சும்மா இருக்கிறது என்பதும் தெரியும். ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கதவைத் தட்டுங்கள். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து ஊர் கெட்டுப்போச்சு என்று பேசுகிற நேரத்தில் பாதி போதும்.