நோய்க்கு இகாமா கிடையாது

கடந்த மாதம் ஷரஃபியாவில் ஒரு பாலிகிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்தோம். துப்புரவுப் பணியாளர் உடையில் வங்கதேசச் சகோதரர் ஒருவர் வந்து பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தார். இரண்டு மூன்று முறை இருமினார். பக்கத்தில் இருந்த நம்மூர்க்காரர்கள் இருவர் எழுந்து தள்ளி நின்றுகொண்டார்கள். "இந்தப் பெங்காலிங்களாலதான் எல்லா சீக்கும் பரவுது" என்று ஒருவர் தமிழில் சொன்னார். வந்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் எழுந்து நின்றதன் அர்த்தம் புரிந்திருக்கும். சற்று நேரத்தில் அவரும் எழுந்து வெளியே போனார். அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை.

நாங்களும் அப்போது வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தல்தான் இந்த மாத மருத்துவப் பக்கத்தில் இதை எழுத வைக்கிறது.

இருமுகிறவரிடமிருந்து சற்று விலகி இருப்பது தவறல்ல. அது சுகாதாரம். ஆனால் அதே பெஞ்சில் சற்று முன்பு நம்மூர்க்காரர் ஒருவர் அடுக்கடுக்காகத் தும்மினார். அப்போது யாரும் எழவில்லை. ஆக, விலகியது இருமலுக்காக அல்ல, அவருடைய நாட்டுக்காகவும் உடைக்காகவும்தான்.

நாமும் அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள்தான்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை, காலராவும் பிளேக்கும் கொண்டு வருகிறவர்கள் என்றுதான் பார்த்தார்கள். ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்தி வைத்து, சோதித்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். காலரா அசுத்தமான தண்ணீரால் பரவுகிறது என்பதை 1854-லேயே லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருக் குழாயை வைத்து எடுத்துக்காட்டியிருந்தார். கூலிகளுக்கு நல்ல தண்ணீரும் இருக்க இடமும் கொடுக்காத குற்றம் பேசப்படவில்லை. கூலிகளின் பழக்கவழக்கம்தான் பேசப்பட்டது.

அது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2020-இல் சிங்கப்பூரில் கொரோனா பரவியபோது, தமிழகத் தொழிலாளர்களும் வங்கதேசத் தொழிலாளர்களும் நெருக்கமாகத் தங்கியிருந்த விடுதிகளில்தான் மிகுதியாகப் பரவியது. விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று ஏற்பட்டதாக அந்நாட்டு அரசே அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. அவர்கள் சுத்தமில்லாதவர்கள் என்று பேசியவர்கள் அங்கேயும் உண்டு. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பொதுவான குளியலறை, பொதுவான சமையல் என்றால் எந்த நாட்டுக்காரருக்கும் அதுதான் நடக்கும். நம் ஃப்ளாட்டுகளில் அடுக்குக் கட்டிலில் படுத்து எழுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரிலும் நிலைமை வேறல்ல. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த சென்னை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல், ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். நோயாளிகளைக் காப்பாற்றியவருக்கே அந்த நிலை என்றால், அந்நியருக்கு என்ன நடக்கும்?

பயம் நோயை வளர்க்கும்

ஒதுக்கி வைத்தால் நோய் ஒதுங்கிவிடாது, ஒளிந்துகொள்ளும். தனக்குக் காசநோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் தொழிலாளி என்ன செய்வார்? தெரிந்தால் ரூமை விட்டுப் போகச் சொல்வார்கள், வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அதே அறையில் படுக்கும் மற்றவர்கள் மாதக்கணக்கில் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார்கள். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே, பொதுவாக, மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். ஆபத்தானவர் சிகிச்சை எடுப்பவர் அல்ல, பயந்து மறைப்பவர். அவரை மறைக்க வைத்ததில் நமக்கும் பங்கு இருக்கிறது.

2020 மார்ச் 30 அன்று, கொரோனா சிகிச்சை குடிமக்களுக்கு மட்டுமல்ல, இகாமா உள்ளவர்களுக்கும், இகாமா இல்லாமல் தங்கியிருப்பவர்களுக்கும் இலவசம் என்று மன்னர் சல்மான் உத்தரவிட்டார். இரக்கம் ஒருபுறம் இருக்கட்டும், மருத்துவ ரீதியாகவும் அதுவே சரி. பிடிபடுவோம் என்று ஒருவர் ஒளிந்தால் ஊரே ஆபத்தில் இருக்கும்.

1994-இல் டெங்கு வைரஸ் ஜித்தாவில் கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் கொசு வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீரில் வளரும், யாருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்துக் கடிக்காது. 2012-இல் மெர்ஸ் நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதும் இதே ஜித்தாவில்தான். 'மத்தியக் கிழக்கு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஊர், நாடு, இனம் இவற்றின் பெயரைப் புதிய நோய்களுக்குச் சூட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 மே மாதம் அறிவுறுத்தியது. பெயரிலேயே பழி வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் காரணம்.

நாம் செய்யக்கூடியவை

ரூமில் ஒருவருக்குக் காய்ச்சலோ விடாத இருமலோ என்றால், முதலில் டாக்டரிடம் கூட்டிப் போவோம், முடிவைப் பிறகு பார்ப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். மஞ்சள் காமாலை பி வகையும் எச்.ஐ.வி.யும் ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவுவதில்லை. அதற்காக யாருக்கும் தனித் தட்டு வைக்க வேண்டாம். முகக்கவசமும் கை கழுவுவதும் எல்லோருக்கும் ஒரே விதி, நமக்கும்தான். மொழி தெரியாதவர் கிளினிக்கில் தடுமாறினால், நமக்குத் தெரிந்த அரைகுறை அரபியிலோ இந்தியிலோ உதவுவோம்.

"மதராசி" என்று எவராவது இளக்காரமாகச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. "பெங்காலி", "ஆப்பிரிக்கன்" என்று நாம் சொல்லும் தொனியையும் ஒரு முறை காது கொடுத்துக் கேட்போம்.

அன்று வெளியே போன அந்தச் சகோதரர் பிறகு எங்காவது மருந்து வாங்கினாரா? அடுத்த முறை அப்படி ஒருவர் வந்து அமர்ந்தால், நாங்கள் எழுந்து போகமாட்டோம். ஒரு முகக்கவசத்தை அவரிடம் நீட்டிவிட்டு, பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விடுவோம். நீங்களும் அப்படியே செய்வீர்கள் என்று நம்புகிறோம்.