மாடிப்படிக்குக் கீழே

வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறைக்கு மூலை பார்க்கிறார்கள். தலைவாசலுக்குத் திசை பார்க்கிறார்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்தவுங்கூட இடம் ஒதுக்குகிறார்கள். குளியலறை, கழிப்பறை என்ற பேச்சு வரும்பொழுது மட்டும், "அதற்கென்ன, மாடிப்படிக்குக் கீழே போட்டுக்கொண்டால் போகிறது!" என்று சொல்லிவிடுகிறார்கள். அடிமாவை வழித்துக் கடைசித் தோசை வார்க்கிற கதைதான்.

மாடிப்படியின் அடியை உபயோகிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கான்சாபுரத்தைப் போன்ற கிராமங்களிலும் சரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களிலும் சரி, குறுகிய மனை வைத்திருப்பவருக்கு வேறு இடம் ஏது? ஆனால் அந்த இடம் மிஞ்சிய இடமாக இருக்கலாகாது. முன்பே நினைத்து ஒதுக்கிய இடமாக இருக்கவேண்டும். இதுவே நமது கட்சி.

வீட்டில் கழிப்பறை இல்லாத குறை பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இருட்டோடு எழுந்து ஒதுக்குப்புறம் தேடிப் போகவேண்டும்; பகலில் ஒதுங்க வழியில்லையே என்று தாகத்துக்கு ஜலம் குடிக்கவும் அஞ்சவேண்டும். 2014, அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில், கிராமத்து வீட்டுக் கழிப்பறை ஒன்றுக்கு ரூ.12,000 ஊக்கத்தொகை வைத்தார்கள். எத்தனையோ வீடுகளில் கழிப்பறை வந்தது. நிமிர்ந்து நிற்கவும் காற்று வாங்கவும் வழியில்லாமல் கட்டியவை சில விறகு அடுக்கும் அறைகளாகிவிட்டன என்பதும் மெய்யே.

இனி, கணக்கைப் பார்ப்போம். தளத்தின் உயரம் 10 அடி. ஒவ்வொரு படியும் 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேராக ஏறும் மாடிப்படி சுமார் 13 அடி நீளம் ஓடும். "பதின்மூன்று அடியா? தாராளம்!" என்று நேயர்கள் மகிழவேண்டாம். வார்ப்பின் கனத்தைக் கழித்துப் பார்த்தால், அடியில் 5 அடி உயரம் கிடைப்பது மேல்பக்கத்து ஐந்தரை அடி நீளத்தில்தான். 6 அடி உயரம் கிடைப்பது நாலடி நீளத்தில். குளியலறைக்குச் சுமார் 7 அடி உயரம் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்லுகிறது; அது கிடைப்பதோ இரண்டரை அடி நீளத்தில் மட்டுமே.

அகலமும் இப்படித்தான். மூன்றடி அகலப் படியின் கீழே நாலரை அங்குலச் சுவர் எழுப்பினால், பூச்சு நீங்கலாக உள்ளே மிஞ்சுவது 2 அடி 7 அங்குலம். இதில் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். ஆகவே படியை மூன்றரை அடி அகலமாக வார்க்கச் சொல்லுங்கள். அல்லது கீழ்ச்சுவரை அரை அடி வெளியே தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

இருக்கும் இடத்தை எப்படிப் பங்கிடுவது? உயரமான பக்கத்தில் கதவு. அது வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். உள்ளே ஒரு முதியவர் தவறி விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளுமல்லவா? கால்வைத்து உட்காரும் பீங்கானை ஆறடி உயரத்துக்குக் குறையாத இடத்தில், முதுகு சரிவுப் பக்கம் இருக்கும்படி பதிக்கவேண்டும். எழுந்திருக்கும்பொழுது தலை முன்னே சாயும். முன்னே உயரம் இருந்தால் மண்டை பிழைக்கும். தாழ்ந்த பக்கம் வாளிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போதும். ஐந்தடிக்கும் கீழே இறங்கும் பகுதியைத் தனியாக அடைத்து, மண்வெட்டியும் கடப்பாரையும் போட்டுக்கொள்ளலாம்.

தரை, நாலடிக்கு ஓர் அங்குலமாவது வடிகாலை நோக்கிச் சரியவேண்டும். பளபளக்கும் ஓடு வேண்டாம், சொரசொரப்பானதே நல்லது. சுவரின் உச்சியில் வெளிக்காற்றைத் தொடும் ஜன்னல் ஒன்று அவசியம். காற்றில்லாவிட்டால் துர்நாற்றம் மட்டுமல்ல, ஈரமும் தங்கும். ஈரம் வார்ப்புக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். பிறகு மாடிப்படிக்கே ஆபத்து.

குழியை மாத்திரம் படிக்குக் கீழே தோண்டலாகாது. அது வீட்டுக்கு வெளியே, குடிநீர்க் கிணற்றுக்குப் பத்து மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். இரட்டைக் குழி முறை சிக்கனமானது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதில் விடவேண்டும். மூடிய குழியில் உள்ளது இரண்டு வருஷம் போனால் மண்போல் மக்கி எருவாகிவிடும். நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் இடங்களில் இது உதவாது. கசியாத தொட்டிதான் கட்டவேண்டும். தொட்டி எதுவாயினும், அதற்குள் மனிதனை இறக்குவது மகாபாபம். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளும் கொடுமையை 1993-லும் 2013-லும் சட்டங்கள் தடுத்திருக்கின்றன. 1901-ல் கல்கத்தாக் காங்கிரஸுக்குச் சென்ற காந்தியடிகள், பிரதிநிதிகள் அசுத்தம் செய்த இடத்தைத் தாமே துடைப்பம் எடுத்துச் சுத்தம் செய்தார். பிறர் தலையில் கட்டும் வேலையல்ல இது என்பதற்கு வேறு உபதேசம் எதற்கு?

வார்ப்பு இறுகியபின் இவற்றையெல்லாம் யோசித்துப் பயனில்லை. பலகை அடிப்பதற்கு முதல்நாளே சுண்ணாம்புப் பொடியால் தரையில் அறையின் அளவைக் கோடு போடுங்கள். சரிவு வரும் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். வீட்டில் நெட்டையானவரையும், முழங்கால் வலிக்காரரான பாட்டியையும் அதற்குள் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். கயிறு தலையில் பட்டால், கொத்தனாரிடம் அன்றைக்கே சொல்லிவிடலாம். கயிற்றை அவிழ்க்கக் காசு செலவில்லை.