பச்சை விளக்கும் ஒரு மெமோவும்



இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். காபி கலந்துகொண்டு உட்காருங்கள். கம்ப்யூட்டர் சமாச்சாரம் வேறு. "டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். பள்ளிக்கூடத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்குப் பூஜை போட்டு உறையை மாட்டி வைத்த தலைமுறை நாங்கள். ஆனால் இதில் கம்ப்யூட்டரை விட வருகைப் பதிவேடுதான் அதிகம். அது எனக்குத் தெரியும்.

போன பிரதோஷத்தன்று தேனுபுரீஸ்வரர் கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வருகிறேன், "டீச்சர்" என்று ஒரு குரல். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பேர் வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். முகமே சரியில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து மோர் கொடுத்துக் கேட்டேன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். மெமோ. "பணியில் விழிப்பின்மை" என்று எழுதியிருந்தது.

"தூங்கிட்டியாடா?"

"சத்தியமா இல்ல டீச்சர். ராத்திரி பூரா ஸ்கிரீனையேதான் பாத்துட்டிருந்தேன். பச்சையாதான் இருந்துச்சு."

நடந்தது இது. அவன் கம்பெனி, வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் தூரத்திலிருந்து கண்காணிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க மைக்ரோசாஃப்டின் 'ஆபரேஷன்ஸ் மேனேஜர்' வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக 'ஸ்காம்' என்பார்களாம். நான் ஏதோ ஊழல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்களிடம் புதிதாக வந்த வாடிக்கையாளர், தன் கிளைகளின் லைன்களையும் ரௌட்டர்களையும் பல வருஷமாக 'நாகியோஸ்' என்ற இன்னொரு மென்பொருளால் கண்காணித்து வந்தவர். அதுவும் நல்ல மென்பொருள்தானாம், உலகம் பூராவும் புழங்குகிறது. அதைத் தூக்கிப் போடாமல், அது சொல்வதையெல்லாம் இந்தத் திரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நடுவில் ஒரு இணைப்பு நிரல் எழுதினார்கள். எழுதிய குழு மூன்று மாதத்தில் வேலையை முடித்துவிட்டு வேறு பிராஜெக்ட்டுக்குப் போய்விட்டது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நாகியோஸுக்கு நான்கு வார்த்தைகள் தெரியும்: சரி, கவனம், ஆபத்து, தெரியவில்லை. ஸ்காமில் ஒரு எச்சரிக்கைக்குக் கொடுக்க மூன்று தரம்தான் உண்டு: தகவல், கவனம், ஆபத்து. 'ஆபத்து' ஆபத்துக்குப் போயிற்று, 'கவனம்' கவனத்துக்குப் போயிற்று. 'சரி' என்றால் எச்சரிக்கையே வேண்டாம், பழையதை மூடிவிடலாம். 'தெரியவில்லை' என்பதை எங்கே வைப்பது? எழுதியவர் அதைத் 'தகவல்' என்ற பெட்டியில் போட்டுவிட்டார். திரையில் 'தகவல்' எதுவும் தெரியாதபடி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். வடிகட்டியதில் தப்பில்லை. ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டினால் மனிதன் எதைப் பார்ப்பான்?

சம்பவத்துக்கு முந்தின மாலை, வாடிக்கையாளர் பக்கம் பாதுகாப்புக்காக ரௌட்டர்களில் ஒரு கடவுச்சொல்லை மாற்றினார்கள். ரௌட்டரிடம் "நலமா?" என்று கேட்க, எஸ்.என்.எம்.பி. என்று ஒரு முறை உண்டு, 1988-லிருந்து இருக்கிறது. அதில் சரியான சொல்லைச் சொல்லிக் கேட்டால்தான் ரௌட்டர் பதில் சொல்லும். தப்பாகக் கேட்டால் பேசாமல் இருந்துவிடும். நாகியோஸ் பழைய சொல்லையே சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது, பதில் இல்லை. நேர்மையாக "தெரியவில்லை, தெரியவில்லை" என்று ஒவ்வொரு லைனுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது. இணைப்பு நிரல் அதையெல்லாம் வாங்கி, யார் கண்ணிலும் படாத பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தது. நடு ராத்திரிக்கு மேல் ஒரு கிளையின் லைன் நிஜமாகவே போயிற்று. காலையில் கிளையைத் திறந்த ஊழியர் போன் செய்துதான் தெரிந்தது.

அப்படியானால் பச்சை எங்கிருந்து வந்தது? அதைத்தான் நானும் கேட்டேன். அந்தப் பச்சை, நாகியோஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் நலமாக இருக்கிறது என்பதற்கான பச்சையாம்! லைன்களுக்கான பச்சை இல்லை. வகுப்புத் தலைவன் பள்ளிக்கு வந்துவிட்டான் என்பதால் வகுப்பே வந்துவிட்டது என்று எழுதிக்கொள்வது மாதிரி.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய மதியவேளை ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளில், ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி. காலை முதல் மணி முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வருகை எண்ணிக்கை தலைமையாசிரியர் அறைக்குப் போகும். அங்கே ஒரு கரும்பலகையில் வகுப்புவாரியாக எழுதிக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் சத்துணவுக்கு அரிசி அளப்பார்கள். ஒரு நாள் ஒரு வகுப்பு ஆசிரியர் திடீர் விடுப்பு. பதிவேடு எடுக்கவில்லை, பலகையில் அந்த வகுப்புக்கு நேரே வெற்றிடம். கூட்டியவர் வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டார். கூட்டல் சரி, கணக்கு வாத்தியாரே தப்பு கண்டுபிடிக்க முடியாது. மதியம் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு வகுப்பே வரிசையில் வந்து நின்றது. சோறு இல்லை.

யாருக்குத் திட்டு விழுந்தது தெரியுமா? கரண்டி பிடித்திருந்த ஆயாவுக்கு. "எத்தனை பேருக்குப் பொங்கினே, கண்ணு தெரியலையா?" என்று. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உலை வைத்தார். நான் அன்று அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வெற்றிடத்தைக் காலையிலேயே பார்த்தவள் நான். அதைச் சொல்லாமல் நின்றேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. இந்தப் பையனின் மெமோவைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் கருத்து இதுதான். இரண்டு கண்காணிப்பு முறைகளை ஒன்றாக இணைப்பது என்பது ஒயரை இழுத்து மாட்டுகிற வேலை இல்லை. ஒருவர் பேசும் சொல்லுக்கு இன்னொருவர் வீட்டில் என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற வேலை. அந்த முடிவை எடுத்தவர்கள் பொறுப்பு ஏற்காமல், அதன் கடைசியில் உட்கார்ந்திருக்கிற இரவு ஷிப்ட் பையனைப் பிடிப்பது அநியாயம். 'தெரியவில்லை' என்பதைத் 'தகவல்' என்று எழுதிய அந்த ஒரு வரியில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. மெமோவில் மட்டும் மூன்று கையெழுத்து இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த ஸ்காமுக்கே இந்த ஞானம் உண்டாம். அது தன்னுடைய சொந்த ஆட்களை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்கார வைத்திருக்கிறது. அவர்கள் 60 விநாடிக்கு ஒரு முறை "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை குரல் வராவிட்டால் எச்சரிக்கை வரும், பச்சை மறைந்து சாம்பல் நிறமாகும். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு பாருங்கள்! பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, 'எனக்குத் தெரியாது' என்பதற்குத் தனி நிறம். சொந்தப் பிள்ளைக்கு வைத்த அந்த நிறத்தை, பக்கத்து வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போயிற்று. பிற்பாடு இரு நாட்டுக் குழுவும் விசாரித்து அறிக்கை கொடுத்தது. ஓஹாயோ மாநிலத்து மின் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2.14 மணி வாக்கில் எச்சரிக்கை கொடுக்கும் மென்பொருள் நின்றுவிட்டது. நின்றதை யாருக்கும் சொல்லாமல் நின்றுவிட்டது. மின்கம்பிகள் தொய்ந்து மரத்தில் பட்டு, ஒவ்வொரு தடமாக இணைப்பு அறுந்துகொண்டிருந்தது. அறையில் இருந்தவர்களுக்கு எந்த மணியும் அடிக்கவில்லை, அதனால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே நினைத்தார்கள். வெளியிலிருந்து போன் செய்து "உங்க பக்கம் ஏதோ கோளாறு" என்று சொன்னவர்களைக்கூட உடனே நம்பவில்லை. நான்கு மணி தாண்டியதும் எல்லாம் இருண்டுவிட்டது. அங்கேயும் திரைக்கு முன்னால் சில பையன்கள் இருந்திருப்பார்கள், பாவம்.

அவ்வளவு தூரம் ஏன் போவானேன். 2015 டிசம்பர் 1 ராத்திரியை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மொட்டை மாடியில் நின்றவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே இருக்கிறீர்கள். மழையை அளப்பது ஒரு துறை, ஏரியைப் பார்ப்பது இன்னொரு துறை, கால்வாயும் தெருவும் உள்ளாட்சி. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம். அதற்கப்புறம் எவ்வளவோ நடந்திருக்கிறது. ரிப்பன் மாளிகை வளாகத்தில் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் வந்திருக்கிறது. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் பங்களிப்போடு வெள்ள எச்சரிக்கை முறையும் உருவாகியிருக்கிறது. நல்லது, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வரி கட்டுகிற ஒருத்தியாக எனக்கு ஒரே ஒரு கேள்வி. கொட்டுகிற மழையில் ஒரு நீர்மட்டக் கருவி பதில் சொல்லாமல் போனால், அந்தப் பெரிய திரையில் அந்த இடம் என்ன நிறத்தில் தெரியும்? கடைசியாகச் சொன்ன அளவையே காட்டிக்கொண்டு நிற்குமா, பச்சையாகவே இருக்குமா, இல்லை "இங்கே எனக்குக் கண் தெரியவில்லை" என்று சொல்லுமா? எத்தனை கேமரா, எத்தனை கோடி என்பதையெல்லாம் விட இதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகன் இதே துறையில் மேனேஜர். போனில் பிடித்துக்கொண்டேன். "அத்தை, நீங்க பையன் பக்கம் மட்டும் பேசறீங்க. ஷிப்ட் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை நாகியோஸ் ஸ்கிரீனையும் நேரா திறந்து பாத்திருக்கலாமே" என்றான். அவனுக்கு அப்படிப் பார்க்க அனுமதியே கொடுக்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு திரையையும் பார்க்கத்தான் வேண்டும் என்றால், செலவழித்து ஏன் இணைத்தீர்கள்? இதற்கு அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்திருந்தது. அவன் இடத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு பொய் எச்சரிக்கையை வேண்டுமென்றே நாகியோஸ் பக்கத்திலிருந்து அனுப்புவார்களாம். அது இந்தத் திரையில் வந்து விழுந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் உடனே தேடுவார்கள். பள்ளியில் தீயணைப்பு ஒத்திகை நடத்துவோமே, அது மாதிரி. இந்தப் பையனின் கம்பெனியில் அப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால்கூட உதவியிருக்காது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவனே திரும்பக் கூப்பிட்டான். "ஆமா அத்தை, 'தெரியவில்லை'ன்னும் ஒரு பொய் எச்சரிக்கை அனுப்பிப் பாத்திருக்கணும். நாங்களும் 'ஆபத்து' மட்டும்தான் அனுப்பறோம்" என்றான். மேனேஜராக இருந்தாலும் நம் வீட்டுப் பிள்ளை.

பையனோடு உட்கார்ந்து மெமோவுக்குப் பதில் எழுதினோம். ஆங்கிலம் அவன், முறை நான். கோபம் ஒரு வரியிலும் இருக்கக் கூடாது என்று மூன்று தடவை அடித்துத் திருத்தினேன். எந்த நேரத்துக்கு எது எந்தப் பெட்டியில் விழுந்தது என்று வரிசையாக எழுதச் சொன்னேன். அதில்கூட ஒரு சிக்கல். நாகியோஸ் கம்ப்யூட்டர் கிரீன்விச் நேரத்தில் எழுதியிருக்கிறது, திரை நம் நேரத்தில் காட்டுகிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டிக் கூட்டிப் போட்டதில் எனக்குப் பழைய கணக்குப் பாடம் எடுத்த மாதிரி இருந்தது. கடைசியில், இணைப்பு நிரலில் சொற்களை மாற்றிப் போட்ட அட்டவணையின் நகலையும் சேர்த்து வைக்கச் சொன்னேன்.

வருகிற வியாழக்கிழமை அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதுகிறேன்.

இந்தத் துறையில் பெரிய பொறுப்பில் இருக்கும் என் பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் இடத்தில் அந்த அட்டவணையைத் திறந்து, 'தெரியவில்லை' என்பதற்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, கீழே கமெண்டில் எனக்குச் சொல்லுங்கள். வழக்கம் போல வெறும் பூங்கொத்துப் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகக் கூடாது.